நான் அழித்த குரல்

திரையில் ஒரு வெள்ளை அம்புக்குறி மட்டும் நகர்கிறது. அது ஒரு கட்டத்தின் மேல் போய் நிற்கிறது, இரண்டு முறை வட்டமடிக்கிறது, பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. சத்தம் எதுவும் இல்லை. கூரையில் விசிறி சுற்றுவதும் பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமுவதும் கேட்கின்றன. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து நிற்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தைப் போல நீளமான ஒரு பாடவேளையை என் ஆசிரிய வாழ்க்கையில் நான் கண்டதில்லை. அந்தப் பாடத்தில் குரல் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சுனாமியாகக் கடல் வந்த அன்று எங்கள் பழைய பாடசாலையின் கரையோரக் கட்டடங்கள் இரண்டும் போய்விட்டன. ஒன்றரை வருடம் தகரக் கொட்டிலில் படிப்பித்தோம். பிறகு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கமாகப் புதிய கட்டடம் எழும்பியது. கட்டித் தந்தவர்கள் போகும்போது பத்துக் கொம்பியூட்டர்களையும் ஒரு புரொஜெக்டரையும் தந்துவிட்டுப் போனார்கள். அதுவரை எங்கள் பாடசாலையில் மின்சாரத்தில் ஓடிய பெரிய சாமான் அதிபரின் மேசை விசிறிதான். கணினிக் கூடத்துக்கு யாரைப் பொறுப்பாகப் போடுவது என்று பேச்சு வந்தபோது, விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் என்ற ஒரே தகுதியில் என்னைப் போட்டார்கள். சாவி என் இடுப்பில் தொங்கியது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன நடக்கிறது என்று உண்மையாகத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான். அவரை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே சொல்வோம். பாடசாலையில் வேறு பதினாறு டீச்சர்மார் இருந்தும், வெறுமனே டீச்சர் என்றால் அது அவர்தான்.

டீச்சர் கணிதத்துக்கு வந்தவர். சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, இரண்டு வருடம் கொம்பியூட்டர் படித்தார். அந்தப் படிப்பில் அவருக்கு ஓர் இறுவட்டுக் கிடைத்திருந்தது. அதிலிருந்த மென்பொருள், திரையில் நாம் செய்வதை எல்லாம் அப்படியே படமாகப் பிடித்துக்கொள்ளும். மௌஸ் எங்கே போகிறது, எதை அழுத்துகிறோம், என்ன எழுதுகிறோம், எல்லாம் விழும். ஒலிவாங்கியைச் செருகினால் நாம் பேசுவதும் கூடவே விழும். பத்துக் கொம்பியூட்டரைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நின்றால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும். அதனால் டீச்சர் இரண்டொரு பாடங்களை அப்படிப் பிடித்து, புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார். இன்றைக்கு இது பெரிய விஷயமில்லை. அப்போது அதிபரே வந்து கதவோரம் நின்று பார்த்தார். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். வாய் இருக்கும்போது படம் எதற்கு என்று ஆசிரியர் அறையில் சொல்லியும் இருக்கிறேன்.

யுத்தம் முடிந்த அந்த வருடத்தின் ஆரம்பத்தில் டீச்சரின் கணவர் மௌத்தானார். கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்தவர். கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். நாங்கள் ஆண் ஆசிரியர்கள் ஜனாஸாவுக்குப் போனோம். டீச்சர் உள்ளே இருந்தார். இனி நாலு மாதமும் பத்து நாளும் அவர் இத்தாவில் இருப்பார், வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்கவும் முடியாது. எங்களுக்கு அது புதிதல்ல. ஆனால் மண் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அதிபர் என் தோளில் கைவைத்துச் சொன்னது புதிதாக இருந்தது.

"சேர், டிசம்பர்ல ஓ.எல். சோதின. நம்மட பள்ளிக்கூடத்துல கொம்பியூட்டர் பாடத்துக்கு இதுதான் முதலாவது செட். டீச்சர் வரும் வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்."

ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு அந்தப் பாடத்தில் தட்டச்சும், பிரிண்ட் எடுப்பதும் தெரியும். விரிதாள், தரவுத்தளம் எல்லாம் புத்தகத்தில் பார்த்த பெயர்கள். முதல் வாரம் பாடப்புத்தகத்தை எடுத்து வாசித்தே காட்டினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். இரண்டாவது வாரம் டீச்சரின் வாப்பா சைக்கிளில் பாடசாலைக்கு வந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர், முன்பு கரைவலை வைத்திருந்தவர், சொல்ல வந்ததை உடனே சொல்லமாட்டார், தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிவிட்டுத்தான் தொடங்குவார்.

"மகள் ஒரு விசயம் கேட்டுட்டு வரச் சொன்னா சேர். கொம்பியூட்டர் ஒண்டு ஊட்ட வெச்சாப் போதுமாம், பாடத்த அவ புடிச்சித் தாறாவாம். அதுல மூஞ்சி வராதாம், பாடம் மட்டுந்தான் வருமாம். புள்ளையள்ட படிப்பு நிண்டு போகப்படா எண்டு ஒரே அழுக."

அதிபர் மறுபேச்சுப் பேசவில்லை. நானும் கந்தோர் எழுதுவினைஞரும் ஒரு கொம்பியூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அது டீச்சரின் சீதன வீடு. கடல் வந்தபோது சுவர் எல்லாம் விழுந்து, திரும்பக் கட்டியது. பூச்சு இன்னும் முழுதாக முடிந்திருக்கவில்லை. முன் அறையில் பெட்டியை வைத்து வயர்களைச் செருகினேன். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் இருந்து டீச்சர் சலாம் சொன்னார். "சேர், உங்களுக்கு நான் கரைச்சல் தாறன்" என்றார். அழுது அடைத்த குரல். ஆனால் அடுத்த கேள்வியே, ஒலிவாங்கி எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்பதுதான். நான் பிழையான துளையில் செருகியிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வாப்பா முதலாவது வட்டைக் கொண்டு வந்தார். பொலித்தீன் பைக்குள் வைத்து, அதை ஒரு துவாலையால் சுற்றி, சைக்கிள் கூடையில் முட்டையைக் கொண்டு வருவதுபோலக் கொண்டு வந்தார். புரொஜெக்டரில் போட்டதும் டீச்சரின் குரல் அறை முழுக்க நிறைந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் புள்ளையள், கொப்பிய எடுங்க, பேனையக் கடிக்காதங்க" என்று தொடங்கினார். கடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திடுக்கிட்டுப் பேனையை எடுத்தார்கள், வகுப்பே சிரித்தது. அந்தப் பதிவுகளுக்குள் அவருடைய வீடும் இருந்தது. கோழி கத்தும், மீன்காரரின் ஹோர்ன் கேட்கும், வாப்பா இருமுவார். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால் டீச்சர் பேச்சை நிறுத்திவிடுவார். அம்புக்குறி அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கேள்வி கேட்டால் பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று அப்படியே விட்டுவைப்பார். பிள்ளைகள் திரையைப் பார்த்து விடை சொல்வார்கள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்வார்கள். நாலைந்து வாரத்தில் பாடங்கள் ஓட்டமாக ஓடின. மாதப் பரீட்சையில் அறுபதுக்குக் கீழே எடுத்தவர்கள் மூன்றே பேர்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் வேலை வட்டைப் போடுவது, பொத்தானை அழுத்துவது, முடிந்ததும் எடுப்பது. சம்பளம் குறையவில்லை, வேலை குறைந்தது. ஆனால் ஒரு நாள் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் நின்ற இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "அடுத்த பாடம் என்ன?" "பிளே சேர்ட பாடம்." பிளே பொத்தானை அழுத்துகிறவன் என்பதால் எனக்கு அந்தப் பட்டம். அவர்கள் அதை வன்மமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லா ஆசிரியருக்கும் ஒரு பட்டம் வைப்பார்கள், அதிபருக்கு வைத்ததை இங்கே எழுத முடியாது. ஆனாலும் பதினெட்டு வருடம் படிப்பித்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து டீச்சரின் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று புளித்தது. அது பொறாமை என்று அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்வதால் எனக்குப் பெருமை ஒன்றும் வரப்போவதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு தகப்பன், மகனுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்தவர், கேற்றடியில் என்னை மறித்துக் கேட்டார். "சேர், டீச்சர் இத்தாவுல தானே இரிக்காங்க? கொரல் றோட்டு வரைக்கும் கேக்குது."  அவர் அதோடு நிறுத்தவில்லை. "நானும் ரெண்டு நிமிசம் நிண்டு கேட்டன், நல்லா விளங்கப்படுத்துறாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சொன்னதின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியைக் கைவிட்டேன். இத்தாவில் இருக்கும் பெண்ணின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு ஊருக்குக் கேட்கச் செய்கிறோம், நாளைக்குப் பள்ளிவாசலில் கேள்வி வரும், பாடசாலைக்குப் பெயர் கெடும், டீச்சருக்கும் பெயர் கெடும் என்று எனக்கு நானே ஒரு பயத்தைக் கட்டி எழுப்பினேன். சத்தத்தைக் குறைத்து வைத்தாலே போதும். ஜன்னலைச் சாத்தினாலும் போதும். அந்த இரண்டு வழியும் என் புத்திக்கு எட்டவில்லை என்று சொன்னால் அது பொய். எட்டியது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அந்த மென்பொருளில் படம் ஒரு கோடாகவும் குரல் இன்னொரு கோடாகவும் தெரியும். குரலின் கோட்டை அழித்துவிட்டு, ஒலிவாங்கியை எடுத்து என் குரலைப் பேசி அந்த இடத்தில் வைத்தேன். முதல் தடவை டீச்சர் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி, அதையே வாசித்தேன். அவர் அம்புக்குறியை நகர்த்தும் வேகத்துக்கு என் வாய் ஓடவில்லை. நான் குறுக்கு வரிசையைப் பற்றிப் பேசும்போது அம்புக்குறி நெடுக்கு நிரலில் நின்றது. பாங்குக்காக அவர் நிறுத்திய இடங்களை வெறும் இடைவெளி என்று வெட்டினேன். பிள்ளைகள் யோசிக்க விட்ட இடங்களையும் வெட்டினேன். முடிந்ததும் அந்த வட்டிலேயே திரும்பப் பதிந்தேன். அது அழித்து எழுதக்கூடிய வட்டு. டீச்சரின் பாடம் இருந்த இடத்தில் என் பாடம் இருந்தது, வேறு பிரதி எங்கும் இல்லை. வகுப்பில், "டீச்சர்ட கொரல் சரியாப் பதிவாகல்ல, அதால நான் பேசியிரிக்கன்" என்று சொன்னேன். பிள்ளைகள் நம்பினார்கள். ஆசிரியர் சொன்னால் நம்புகிற பிள்ளைகள் அவர்கள்.

இப்படி மூன்று வட்டுகள். அதில் ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன அன்று பதிந்தது அது. பாடத்தின் நடுவில் றோட்டில் வெடி கொளுத்தும் சத்தம் தொடர்ந்து கேட்டது. டீச்சர் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "இனியாவது எல்லாப் புள்ளையளும் பயமில்லாமப் படிக்கட்டும், யா அல்லாஹ்" என்றார். அதற்குப் பின் அவர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. பிறகு, "சரி, நாலாவது நிரலுக்கு வாங்க" என்றார். பக்கத்துத் தமிழ் ஊர்களில் அன்று கடைகள் பூட்டிக் கிடந்தன, அவருடன் மட்டக்களப்பில் படித்த சிநேகிதிகள் அங்கே இருந்தார்கள், அதை நினைத்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்ட ஒரே ஆள் நான். கேட்டுவிட்டு அழித்தேன். அதன் மேல், "நாலாவது நிரலைத் தெரிவு செய்க" என்று என் குரலை வைத்தேன்.

மூன்றாவது வட்டில் நான் டீச்சரின் குரலைக் கேட்கவே இல்லை. எனக்குத்தான் இப்போது தெரியுமே என்ற நினைப்பு. குரலை முதலிலேயே அழித்துவிட்டு, திரையைப் பார்த்து மனதில் வந்ததைப் பேசினேன். ஐந்து பிள்ளைகள் ஐந்து பாடத்தில் எடுத்த புள்ளிகளைக் கொண்டு சராசரி எடுக்கும் பாடம் அது. அதில் ஒரு பிள்ளை சுகமில்லாமல் இரண்டு பாடம் எழுதவில்லை, அந்தக் கட்டங்கள் இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. கொம்பியூட்டர் வெறும் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது. எழுதிய மூன்று பாடத்துக்கு மட்டும் சராசரி போட்டு, அந்தப் பிள்ளையை முதலாம் இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. டீச்சர் அதை வேண்டுமென்றே செய்திருந்தார். பிழையைச் செய்து காட்டி, பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று நிறுத்தி, பிறகு பின்னுக்குப் போய்ப் பூச்சியம் போட்டுத் திருத்துவது அவர் படிப்பிக்கும் முறை. குரலைக் கேட்காத எனக்கு அது எங்கே தெரியும்? "இப்போது முதலாம் பிள்ளை யார் என்று கணினி காட்டிவிட்டது" என்று கம்பீரமாகப் பேசினேன். அம்புக்குறி பின்னுக்குப் போவதைப் பார்த்ததும், டீச்சர் எதையோ பிழையாகச் செய்துவிட்டுத் திருத்துகிறார், பாவம், மறைத்துவிடுவோம் என்று அந்தப் பகுதியை வெட்டி எறிந்தேன்.

பிள்ளைகளின் கொப்பிகளை வாப்பா வாரம் ஒருமுறை எடுத்துப் போவார், டீச்சர் திருத்தி அனுப்புவார். அந்த வாரம் கொப்பிகள் வந்தபோது மேலே இருந்த மூன்றில் மட்டும் சிவப்பு மை இருந்தது. மூன்றிலும் இரண்டு பாடம் எழுதாத பிள்ளைக்கு முதலாமிடம். மற்ற இருபத்து மூன்றிலும் அதேதான், ஆனால் டீச்சர் அவற்றைத் தொடவில்லை. ஒரே பிழையை இருபத்தாறு பேர் செய்தால் பிழை பிள்ளைகளிடம் இல்லை என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டு வாப்பா தொப்பியை எடுத்துத் தலையைத் தடவினார்.

"மகள்ட கொரல் பதியல்லயாம் எண்டு புள்ளையள் சொல்லுதுகள். ஊட்ட போட்டுப் பாத்துத்தான் அவ தந்தனுப்புற. அவட கொரல்ல ஏதும் பிழ இரிக்கா சேர்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்துச் சொல்லில் முடிந்திருக்கும். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்கிறவன் போலச் சொன்னேன். "மாமா, நான் சொன்ன எண்டு வெளிய வேணாம். பள்ளிவாசலால ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. இத்தாவுல இரிக்கிற பொம்புள கொரல் இப்பிடி வெளிய கேக்கப்படா எண்டு. டீச்சர்ட நல்லதுக்குத்தான் நான் மாத்தின."

அந்த மனிதரின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். கோபப்படவில்லை. மகளைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்திவிட்டோமே என்று ஒரு தகப்பன் வெட்கப்படும் முகம் அது. "நமக்கு இது விளங்காமப் போயித்தே" என்று மட்டும் சொன்னார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். கேற்றைத் தாண்டும் வரை நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கூப்பிடவில்லை.

அடுத்த வட்டில்தான் குரல் இல்லை. டீச்சர் ஒலிவாங்கியைச் செருகாமலே பாடத்தைப் பிடித்து அனுப்பியிருந்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் அம்புக்குறியால் காட்டப் பார்த்தார். முக்கியமான கட்டத்தை இரண்டு முறை சுற்றினார், பிழையான இடத்தில் அம்புக்குறியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நான் வேண்டியமட்டும் பேசலாம், இப்போது என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. நான் போய்ப் பின்சுவரோடு சாய்ந்து நின்றேன். பாடம் பாதியைக் கடந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி திரும்பி, "சேர், டீச்சர் எங்களோட கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் அதை நம்பவில்லை. கொப்பியில் அந்தப் பிழையை விட்டதற்காகத்தான் டீச்சர் பேசவில்லை என்று அவர்களுக்குள் ஒரு முடிவு வந்திருந்தது. அடுத்த நாள் இருபத்தாறு பேரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதி, வாப்பாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடமே தந்தார்கள். "இனிக் கவனமாகச் செய்வோம், எங்களோடு கதையுங்கள் டீச்சர்" என்று எழுதியிருந்தது. என் பிழைக்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வயதான மரைக்காயர், நெல் வியாபாரி, ஊரில் எல்லோருக்கும் அவரிடம் கொஞ்சம் பயம். "சேர், டீச்சர்ட வாப்பா எனக்கிட்ட வந்து மகளுக்காக மாப்புக் கேட்டு அழுறாரு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நாங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லயே. என்ட பேரப்புள்ளையும் அந்த வகுப்புலதான், டீச்சர் படிப்பிக்கிறதுக்கு நாங்க துஆ செய்யிறம். யாரு உங்களுக்கிட்ட இப்பிடிச் சொன்ன?" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேள்விப்பட்டன்" என்றேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு கால வியாபாரத்தில் எத்தனை பேரின் பொய்யைக் கேட்டிருப்பார். "சரி, நானே போய் அவருக்கிட்டச் சொல்றன்" என்று மட்டும் சொன்னார். அந்த வெயிலில் செருப்பில்லாமல் நான் நின்றதைக்கூட வீட்டுக்கு வந்துதான் உணர்ந்தேன்.

திங்கட்கிழமை வட்டு வந்தது. முதலில் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேரே வகுப்புக்குக் கொண்டு போய்ப் பொத்தானை அழுத்தினேன். டீச்சரின் குரல் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சலாம் சொன்னார், கொப்பியை எடுக்கச் சொன்னார், கடிதம் கிடைத்தது, நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்றார். பிறகு அதே தன்மையான குரலில், "சேர், இதுல என்ட கொரல் இரிக்கி. உங்களுக்குக் கஷ்டம் இல்லாட்டி, இத இப்பிடியே போடுங்க" என்றார். கைதட்டல் நின்றது. இருபத்தாறு தலைகளும் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தன. டீச்சர் எனக்குத் தனியாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார், வகுப்புக்கு முன் நான் பார்த்துவிடுவேன் என்று. அதையும் நான்தான் கெடுத்தேன்.

இத்தா முடிந்து டீச்சர் பாடசாலைக்கு வந்தார். சலாம் சொன்னார், என் பிள்ளைகளின் சுகம் விசாரித்தார், கணினிக் கூடச் சாவியைக் கேட்டு வாங்கினார். இது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த முதலாவது செட் பிள்ளைகள் எல்லோரும் சித்தியடைந்தார்கள். இரண்டு வருடத்தில் டீச்சர் வேறு பாடசாலைக்கு மாறிப் போனார். நான் பகுதித் தலைவரானேன், உதவி அதிபரானேன். பிறகு எல்லோரும் போனில் படிப்பிக்கிற காலம் வந்தது. திரையைப் பதிவுசெய்து பாடம் அனுப்புவது எப்படி என்று இளம் ஆசிரியர்களுக்குக் கருத்தரங்குகள் வைத்தார்கள். ஒன்றுக்கு என்னையும் அழைத்தார்கள். இந்தக் கரையில் முதன்முதலில் இப்படிப் பாடம் தயாரித்தவர் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். எங்கேயோ என் குரலோடு இருந்த பழைய வட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. நான் எழுந்து நன்றி என்றேன்.

போன வருடம் எனக்கு ஹஜ்ஜுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தது. போகும் முன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கேட்போம், பொறுத்துக்கொண்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு நாளைக்கு இருபது வீடு போகலாம், எந்த வீட்டிலும் எந்தப் பிழை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். டீச்சரின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். என் மனைவியும் கூட வந்தாள். டீச்சர் ஓய்வு பெற்றிருந்தார், வாப்பா மௌத்தாகி நாலைந்து வருடம். தேத்தண்ணீர் தந்தார், பயணத்துக்கு என்னென்ன மருந்து எடுக்க வேண்டும் என்று அக்கறையாகச் சொன்னார். அன்று முழுக்கப் பல வீட்டில் சொன்ன அதே சொற்களை அங்கேயும் சொன்னேன்.

"டீச்சர், தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதும் பிழ செஞ்சிருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க."

டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். "தெரியாமச் செஞ்ச எல்லாத்தயும் பொறுத்துக்கிட்டன் சேர்" என்றார்.

என் மனைவிக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் வேறு எதுவும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் கோப்பை முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்தார். நேரமாகிறது, இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று நான் எழுந்துவிட்டேன். இன்னும் ஒரு வீடும் இருக்கவில்லை. ஹஜ் முடித்து வந்தேன், ஊர் என்னை ஹாஜியார் என்கிறது. ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எல்லா வீட்டுக்கும் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். டீச்சரின் வீட்டுக்கு மட்டும் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன்.